சுலபம்தான், யாருக்கு?

டிவியில் ‘விக்ரம்’ படத்தைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அடித்தால் ஆறு எழுத்து: வி, ஐ, கே, ஆர், ஏ, எம். பல ஓடிடி செயலிகளின் தேடல் பக்கத்தில் எழுத்துகள் ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை வரிசைக்கு ஆறாக அடுக்கியிருக்கும். கர்சர் ‘ஏ’யின் மேல் நிற்கிறது. ‘வி’யைப் பிடிக்கக் கீழே மூன்று, வலப்பக்கம் மூன்று. அங்கிருந்து ‘ஐ’க்கு மூன்று, ‘கே’வுக்கு இரண்டு, ‘ஆர்’க்கு இரண்டு. பிறகு ‘ஏ’வுக்குத் திரும்பி வர ஏழு, ‘எம்’முக்கு இரண்டு. நகர்த்த 22, எழுத்துக்கு ஒரு ஓகே வீதம் 6, ஆக 28 முறை ரிமோட்டை அழுத்த வேண்டும்.

இதையே கம்ப்யூட்டர் கீபோர்டு போன்ற க்வெர்டி அடுக்கில், இடது மேல் மூலையிலிருந்து தொடங்கிச் செய்தால் 34. கை பழகிய கீபோர்டு இங்கே தோற்றுப்போகிறது. கம்ப்யூட்டரில் பத்து விரலும் எழுத்துகளின் மேலேயே காத்திருக்கின்றன. தூரம் பெரிய விஷயமே இல்லை. ரிமோட்டில் ஒற்றைக் கர்சர்தான் எல்லா எழுத்துக்கும் நடந்து போக வேண்டும். ஆப்பிள் டிவியில் எழுத்துகள் ஒரே கோடாக நீண்டிருக்கும். அதில் பட்டனைத் தட்டித் தட்டிப் போனால் 78 ஆகும். ரிமோட்டில் விரலை வழுக்கவிடத் தொடுபரப்பு வைத்திருப்பதால்தான் அந்தக் கோடு அங்கே செல்லுபடியாகிறது.

ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், அதன் தூரம் கூடினால் கூடும், அளவு பெரிதானால் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் ஒரு சூத்திரம் தந்தார். மவுசுக்கும் தொடுதிரைக்கும் இன்றுவரை அதுதான் அடிப்படை. டிவியில் மட்டும் கணக்கு வேறு. பட்டனை எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் பயனில்லை. எத்தனை அழுத்தம் தள்ளி இருக்கிறது என்பதே தூரம். எனவே நல்ல செயலி எழுத்துகளை முழுதாக அடிக்கவிடாது. ‘வி, ஐ, கே’ வரை வந்ததும் படத்தைக் காட்டிவிடும். அப்போது 28 என்பது 14 ஆகிவிடும். மைக் பட்டன் இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது டிவியோடு பேசக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய.

வெட்டி ஒட்டும் வசதியைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், 1980-களில் ஆப்பிளில் இருந்தபோது ஒரு விதியை வலியுறுத்தினார். எந்த மென்பொருளிலும் குறைக்கவே முடியாத ஒரு சிக்கல் இருக்கும். அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. பயனர் சுமக்கலாம், எழுதிய பொறியாளர் சுமக்கலாம். காணாமல் போக வைக்க மட்டும் முடியாது. வீட்டு டிவியில் படம் காட்டும் பெட்டிகளையும் மென்பொருள்களையும் ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. ‘எது சுலபம்’ என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். ‘இதன் சிக்கலை யார் தலையில் கட்டியிருக்கிறார்கள்’ என்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் கம்பெனியே சுமக்கும் வகையிலிருந்து தொடங்கலாம். 2008 மே மாதம் ரோக்கு நிறுவனம் நெட்ஃபிளிக்ஸுக்கென்று ஒரு சின்னப் பெட்டியை 99.99 டாலருக்கு விற்றது. பெட்டி உருவானதே நெட்ஃபிளிக்ஸுக்குள்தான். பிறகுதான் ரோக்குவுக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த முதல் ஆப்பிள் டிவிக்குள் 40 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டையும் படத்தையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். ரோக்கு பெட்டியில் சேமிக்க இடமே இல்லை. ஏற்றுவது, ஒழுங்குபடுத்துவது, எந்த ஃபைல் எங்கே என்று தேடுவது எல்லாம் தொலைவில் இருக்கும் சர்வரின் பாடு. வீட்டில் இருப்பவருக்கு நாலு அம்புக்குறியும் ஒரு ஓகே பட்டனும் போதும். ஆப்பிளும் 2010-ல் ஹார்டு டிஸ்கைத் தூக்கிவிட்டு அதே வழிக்கு வந்தது. 2014-ல் அமேசான் ஃபயர் டிவி, பிறகு கூகுள் டிவி என்று வந்தவை எல்லாம் இந்த வம்சம்தான்.

இந்தச் சுலபத்துக்கு விலை உண்டு. அது பெட்டியின் மேல் ஒட்டிய விலை அல்ல. ரோக்குவின் வருமானத்தில் பெரும்பங்கு பெட்டி விற்று வருவதில்லை. விளம்பரமும் சந்தாவில் கிடைக்கும் பங்கும்தான். ஆகவே முகப்புத் திரை நீங்கள் தேடி வந்ததைக் காட்டும் இடமாக இல்லாமல், யாரோ காட்ட விரும்புவதைக் காட்டும் இடமாக மாறிவிடுகிறது. ஃபயர் டிவியைப் போட்டதும் திரையின் மேல்பாதியை ஒரு பெரிய விளம்பரம் பிடித்துக்கொள்ளும். நேற்று பாதியில் விட்ட தொடர் அதற்குக் கீழே எங்கோ இருக்கும்.

தேர்வுகள் கூடக் கூட முடிவெடுக்கும் நேரம் கூடும் என்பது 1952-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் அளந்து சொன்னது. நேரம் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, தேர்வுகள் இரட்டிப்பாகும்போது ஒரே அளவுதான் கூடுகிறது என்பது அவர் கண்ட ஆறுதல். ஆனால் என்னென்ன இருக்கிறது, எது எங்கே என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால்தான் அந்த ஆறுதல் செல்லும். தினமும் இடம் மாறும் போஸ்டர் சுவரில் கண் ஒவ்வொன்றாக மேய்ந்துதான் ஆக வேண்டும். கேபிள் டிவி காலத்தில் சேனல் நம்பரை மனப்பாடமாக அடித்த பாட்டிகள் இன்று ‘எனக்கு இது தெரியாதுப்பா, நீயே போட்டுக் கொடு’ என்று ரிமோட்டை நீட்டுவதற்கு வயது காரணமில்லை என்பது என் கட்சி. நம்பர் இடம் மாறாது, போஸ்டர் மாறும்.

சிக்கலைப் போனுக்குத் தள்ளியது குரோம்காஸ்ட். 2013 ஜூலையில் 35 டாலருக்கு வந்த அந்தக் குச்சிக்கு ரிமோட்டே கிடையாது. தேடுவது, தேர்ந்தெடுப்பது எல்லாம் போனில். ‘விக்ரம்’ ஆறே தட்டலில் முடிந்துவிடும். போனிலிருந்து படம் டிவிக்குப் பாய்கிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அப்படி இல்லை. போன் அனுப்புவது ‘இந்த வீடியோவை, இந்த நிமிடத்திலிருந்து போடு’ என்ற ஒரு சின்னச் செய்தியை மட்டும். படத்தை இணையத்திலிருந்து குரோம்காஸ்ட் தானே இழுத்துக்கொள்ளும். போனை அணைத்துவிட்டாலும் படம் ஓடும். மீராகாஸ்ட் முறையில் திரையைப் பிரதிபலிப்பது வேறு: அங்கே போன் தன் திரையை நொடிக்கு நொடி வீடியோவாகச் சுருக்கி அனுப்ப வேண்டும், பேட்டரி கரையும், அழைப்பு வந்தால் அதுவும் டிவியில் தெரியும்.

குரோம்காஸ்ட் அழகான ஏற்பாடுதான். ஆனால் போனும் குச்சியும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டுமே? அதற்குப் போன் வீட்டு நெட்வொர்க்கில் 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு ‘யாராவது இருக்கிறீர்களா’ என்று குரல் கொடுக்கிறது. குச்சி ‘நான் இருக்கிறேன்’ என்கிறது. ரவுட்டர் அந்தக் குரலைக் கடத்தினால்தான் கதை நடக்கும். ஹோட்டல் வைஃபையிலும் ‘கெஸ்ட்’ வைஃபையிலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பாதுகாப்புக்காகத் தடுத்திருப்பார்கள். மாடியில் இரண்டாவது ரவுட்டரைத் தனி நெட்வொர்க்காகப் போட்ட வீடுகளிலும் இதே கதி. ‘நேற்று வரை வந்தது, இன்று காஸ்ட் குறியே காணோம்’ என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது போன் எந்த வைஃபையில் இருக்கிறது என்பதை. ரிமோட் இல்லாத எளிமைக்கும் ஆயுள் குறைவாகவே இருந்தது. 2020-ல் கூகுளே ரிமோட்டோடு குரோம்காஸ்ட்டை விற்கத் தொடங்கியது. 2024-ல் அந்தப் பெயரில் தயாரிப்பையே நிறுத்தியது.

2025 மார்ச் 9-ம் தேதி நடந்தது இன்னும் முக்கியமானது. உலகெங்கும் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்டுகள் திடீரென்று நம்பகமற்ற கருவிகள் என்று ஒதுக்கப்பட்டன. 2015-ல் அவற்றுக்குக் கொடுத்த பாதுகாப்புச் சான்றிதழ் பத்து ஆண்டுக் கெடு முடிந்து காலாவதியாகியிருந்தது. வன்பொருளில் ஒரு பழுதும் இல்லை, வைஃபையிலும் இல்லை. கூகுள் சில நாட்களில் புதுப்பித்து அனுப்பியது. அதுவரை வீட்டில் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. பதற்றத்தில் பெட்டியை ஃபேக்டரி ரீசெட் செய்தவர்கள்தான் மீண்டும் இணைக்கக் கூடுதலாகத் திண்டாடினார்கள். சுமையைத் தூக்கிச் செல்பவர் கீழே வைத்தால் நம்மால் தூக்க முடியாத இடத்தில் அது கிடக்கும்.

ஓடிடிக்கு வெளியே, சொந்தமாகச் சேர்த்து வைத்த படங்கள், கல்யாண வீடியோ, பழைய டிவிடியிலிருந்து எடுத்த நாடகங்கள் என்று ஹார்டு டிஸ்க் நிறைய வைத்திருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. அவர்கள் படத்தை டிவிக்குக் கொண்டுவருவதற்கு இன்றும் மிகச் சுலபமான வழி பென் டிரைவ். இதைச் சொன்னால் தொழில்நுட்ப ஆர்வலர்கள் முகம் சுளிப்பார்கள். கணக்கு இல்லை, பாஸ்வேர்டு இல்லை, வைஃபை இல்லை, சொருகினால் ஓடும். ஓடாமல் போவதற்கும் இரண்டே காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. மற்றது, உள்ளே இருப்பது டிவிக்குப் புரியாத மொழி.

அந்த மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வீட்டு ஸ்ட்ரீமிங்கில் தொண்ணூறு சதத் தலைவலிக்கு அதுவே மூலம் என்று தைரியமாகச் சொல்லலாம். எம்.கே.வி., எம்.பி.4 என்று ஃபைல் பெயரின் கடைசியில் நாம் பார்ப்பது டிபன் கேரியரின் பெயர். ஓர் அடுக்கில் படம், ஒன்றில் ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில். கேரியரைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பதைச் சாப்பிடவும் தெரிய வேண்டும். படம் 2003-ல் வந்த ஹெச்.264 முறையில் சுருக்கப்பட்டிருக்கலாம், 2013-ல் வந்த ஹெச்.265 முறையில் இருக்கலாம், 2018-ல் வந்த ஏவி1 முறையிலும் இருக்கலாம். ஒலியில் டால்பி, டி.டி.எஸ்., ஏ.ஏ.சி. என்று தனிக் குடும்பங்கள். டி.டி.எஸ்.ஸுக்கு உரிமம் வாங்காத டிவியில் படம் பளிச்சென்று ஓடும், வாய் அசையும், சத்தம் மட்டும் வராது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் வீடுகள் உண்டு.

எல்லாக் கம்பெனிக் கருவிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2003-ல் சோனி, இன்டெல் உள்ளிட்டவர்கள் கூடி டி.எல்.என்.ஏ. என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டரில் உள்ள படத்தை டிவி தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கண்டுபிடித்தது; பட்டியலும் போட்டது. ஆனால் சான்றிதழ் வாங்கக் கட்டாயமாகத் தெரிந்திருக்க வேண்டிய வகைகள் ஒரு சில பழைய வகைகளே. மீதி எல்லாம் விருப்பம். விளைவு, இரண்டு பெட்டியிலும் சான்றிதழ் முத்திரை இருக்கும், நடுவில் ‘இந்த ஃபைல் ஆதரிக்கப்படவில்லை’ என்ற வாசகம் இருக்கும். கூட்டமைப்பு 2017-ல் கலைந்தது. அதன் வழிமுறை இன்னும் பல டிவிக்களுக்குள் உயிரோடு இருக்கிறது, யாரும் பெயர் சொல்லி அழைக்காமல்.

இதற்கு விடையாக வந்தவற்றில் இரண்டு ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பது சுவாரசியம். 2002-ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியை உடைத்துத் திறந்து, அதில் படம் ஓட்ட ஆர்வலர்கள் எழுதத் தொடங்கிய மென்பொருள்தான் எக்ஸ்.பி.எம்.சி. 733 மெகாஹெர்ட்ஸ் சிப், 64 மெகாபைட் நினைவகம், அதற்குள் அடக்கினார்கள். 2014-ல் அதன் பெயர் கோடி ஆனது. எக்ஸ்.பி.எம்.சி.யை மேக் கணினிக்கு எடுத்துப்போன கிளை பிளெக்ஸ் ஆயிற்று. இந்த வம்சத்தைச் சேராத எம்பி என்ற மென்பொருள் 2018-ல் தன் மூல நிரலை மூடிக்கொண்டதும், அதே டிசம்பரில் கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் ஜெல்லிஃபின்னைத் தொடங்கினார்கள்.

கோடியின் கொள்கை: எல்லா மொழியையும் நானே கற்றுக்கொள்கிறேன். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியிலேயே நிறுவிவிட்டால், எந்த வகை ஃபைலாக இருந்தாலும் பிரித்து ஓட்டிவிடும். சர்வர் வேண்டாம், கணக்கு வேண்டாம். ஆனால் அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்தால் ஒரு பொறியியல் பாடப்புத்தகம் விரியும். திருட்டுப் படங்களை இழுத்துவரும் துணைச் செயலிகளை ஏற்றி யாரோ விற்ற பெட்டிகளால் கோடிக்கு வந்த கெட்ட பெயரும் அநியாயமானது. வெறும் கோடிக்குள் ஒரு படமும் இருக்காது.

பிளெக்ஸும் ஜெல்லிஃபின்னும் வேலையைப் பிரிக்கின்றன. ஹார்டு டிஸ்க் உள்ள கம்ப்யூட்டர் சர்வர். டிவியில் ஒரு சின்னச் செயலி. டிவிக்கு ஃபைல் புரிந்தால் சர்வர் அப்படியே அனுப்பிவிடும். கேரியர் மட்டும் புரியாவிட்டால் உள்ளே இருப்பதைத் தொடாமல் வேறு கேரியருக்கு மாற்றித் தரும், இது சுலபம். உள்ளே இருக்கும் படமே புரியாவிட்டால் பிரித்து, மறுபடி வேறு முறையில் சுருக்க வேண்டும். 4கே படத்தின் ஒரு சட்டத்தில் 3840-க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். நொடிக்கு 24 சட்டம். கிட்டத்தட்ட 20 கோடி புள்ளிகளை ஒவ்வொரு நொடியும் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும், அதுவும் படம் நிற்காமல். பழைய லேப்டாப்பின் விசிறி விமானம் போல் அலறுவது அப்போதுதான். 2011 முதல் இன்டெல் சிப்புகளில் இதற்கென்றே க்விக் சிங்க் என்ற தனிப் பகுதி இருப்பதால், சிக்கனமான சின்ன இன்டெல் பெட்டியே இதைச் சத்தமில்லாமல் செய்யும். அந்த வசதியைத் தொட பிளெக்ஸ் சந்தா கேட்கும்; ஜெல்லிஃபின் சும்மா தரும்.

வேடிக்கை என்னவென்றால், டிவிக்குப் படம் நன்றாகப் புரிந்திருந்தும் சப்டைட்டில் ஒன்றினால் இத்தனை வேலையும் தொடங்கிவிடலாம். புளூ-ரே தட்டுகளில் சப்டைட்டில் எழுத்தாக இல்லை, படமாக இருக்கிறது. அந்தப் படத்தைப் படத்தின் மேல் ஒட்டத் தெரியாத டிவிக்காக, சர்வர் ஒவ்வொரு சட்டத்திலும் எழுத்தைப் பதித்து மறுபடி சுருக்கும். சப்டைட்டிலை நிறுத்தினால் ஓடும், போட்டால் வட்டம் சுற்றும் என்ற மர்மத்துக்கு விடை இதுதான்.

தமிழ் சப்டைட்டிலில் இன்னொரு கூத்து. எஸ்.ஆர்.டி. ஃபைல் வெறும் எழுத்துக்கோப்பு. எந்தக் குறியீட்டில் எழுதியிருக்கிறது என்று அது தானாகச் சொல்லாது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பிளேயர் இதைப் பழைய மேற்கத்தியக் குறியீடு என்று எண்ணிவிட்டால் மூன்றையும் தனித்தனியாகப் படித்துக் காட்டும். திரை முழுக்கத் தலையில் கோடு போட்ட ‘ஏ’யும், வட்டத்துக்குள் மாட்டிய ‘ஆர்’ குறியும் வரிசைகட்டி நின்றால் இதுவே நடந்திருக்கிறது என்று அறிக. வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் நோய் வேறு: குறியீடு சரி, தமிழ் எழுத்துரு இல்லை. மூன்றாவது வகையும் உண்டு. ‘கொ’ என்பது கணினிக்குள் ககரமும் ஒரு துணைக்குறியும் மட்டுமே; அந்தக் குறியைப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைப்பது எழுத்தை வரையும் மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யாத பிளேயரில் கொம்பும் காலும் தப்பான இடத்தில் தொங்கும். மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. ‘தமிழ் வரவில்லை’ என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

போஸ்டர், நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம் எல்லாம் தானாக வருவது சர்வர் மென்பொருள்களின் பெரிய கவர்ச்சி. அது ஃபைலின் பெயரை இணையத் தரவுத்தளத்தோடு பொருத்திப் பார்த்து நடப்பது. தமிழ்ப் படங்களுக்கு இங்கே இரண்டு பள்ளம். ஒரே தலைப்பை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோம். தலைப்புகளைத் திரும்பத் திரும்பவும் வைக்கிறோம். ‘விக்ரம்’ 1986-லும் இருக்கிறது, 2022-லும் இருக்கிறது. இரண்டிலும் கமல்ஹாசன்தான் என்பதால் நடிகரை வைத்தும் பிரிக்க முடியாது. ‘பில்லா’ 1980, 2007. ‘பொல்லாதவன்’ 1980, 2007. ஃபைல் பெயரில் தலைப்புக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போட்டு வைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி மூன்றும் ஒப்புக்கொண்டிருக்கும் அபூர்வ ஒழுங்கு இது. நூலகருக்குரிய இந்த வேலையை உட்கார்ந்து செய்யாதவருக்கு எந்த மென்பொருளும் சுலபமாக இருக்காது.

பிளெக்ஸா ஜெல்லிஃபின்னா என்பதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை. நிறுவிய முதல் மணி நேரத்தில் பிளெக்ஸ் சுலபம். வெளியூரிலிருந்து வீட்டுப் படத்தைப் பார்க்கும் வழியைக்கூட அது தானே போட்டுக்கொள்ளும், கம்பெனியின் சர்வர் நடுவில் நின்று இருவரையும் சேர்த்து வைப்பதால். ஜெல்லிஃபின்னில் அந்த வழியை நீங்கள்தான் வெட்ட வேண்டும். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் வெளியிலிருந்து உள்ளே வருவது எளிதல்ல. டெயில்ஸ்கேல் போன்ற தனி இணைப்பு ஒன்றைப் போட வேண்டியிருக்கும். ஆனால் 2025 ஏப்ரல் 29 முதல் பிளெக்ஸ், சொந்தப் படத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்கே கட்டணம் வைத்தது. வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 ஆனது. வீட்டுக்குள் மட்டும் பார்ப்பவருக்கு ஜெல்லிஃபின்னின் கூடுதல் சிரமம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு தீர்ந்துவிடுகிற சிரமம். என் ஓட்டு அதற்கே.

பெட்டியை மாற்றாமலே சுலபமாக்கக்கூடிய சில இடங்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். வேகம் போதும் என்கிறது. 4கே புளூ-ரே தட்டின் தகவல் வேகமோ 100-ஐயும் தாண்டலாம். பல விலையுயர்ந்த டிவிக்களின் பின்னால் இருக்கும் லேன் துளை 100-க்கு மேல் தாங்காது. அதனால் சொந்த 4கே படத்துக்கு ஒயரைவிட 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக ஓடும் விந்தை சில வீடுகளில் நடக்கும். இரண்டு ரிமோட் தொல்லைக்கு ஹெச்.டி.எம்.ஐ. கேபிளிலேயே மருந்து இருக்கிறது. அதன் 13-வது ஊசி வழியாக டிவியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பலாம். ஒரே ரிமோட் இரண்டையும் ஆட்டிவைக்கும். சி.இ.சி. என்ற இந்த ஏற்பாட்டை சாம்சங் அனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. அமைப்பில் அணைந்து கிடந்தால் தேடி இயக்குங்கள். வேகம் நொடிக்குச் சுமார் 400 பிட்தான். அழுத்தியதற்கும் நடப்பதற்கும் நடுவில் ஒரு சோம்பல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு விலை ஆண்ட்ராய்டு பெட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. ‘எல்லா சேனலும் இலவசம்’ என்று வரும் பெயர் தெரியாத பெட்டிகளில் பல, கூகுளின் அனுமதி பெற்ற ஆண்ட்ராய்டு டிவி அல்ல; போனுக்கான ஆண்ட்ராய்டைத் திரைக்கு நீட்டியவை. பதிப்புரிமைப் பாதுகாப்பில் கீழ்நிலையில் இருப்பதால் பெரிய ஓடிடிகள் அவற்றுக்கு மங்கலான படத்தையே தரும். அவற்றைவிட மோசமானவை, பேட்பாக்ஸ் என்ற தீங்குநிரல் ஆலையிலேயே ஏறி வரும் பெட்டிகள். உங்கள் வீட்டு இணைய இணைப்பை உங்களுக்குத் தெரியாமல் அந்நியர்களுக்கு வாடகைக்கு விடும் வேலையை அந்தத் தீங்குநிரல் செய்கிறது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் இதுபற்றிப் பொது எச்சரிக்கையே விட்டது. நிறுவும்போது கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்லும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

ஏற்கெனவே வீட்டில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சிக்கல் யார் தலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு சோதனை போதும். ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைய ஒயரை மட்டும் பிடுங்குங்கள், வைஃபை எரியட்டும். பென் டிரைவும் கோடியும் எதையும் கவனிக்காமல் படத்தைத் தொடரும். ஜெல்லிஃபின்னும் ஓடும், புதிதாகச் சேர்த்த படங்களுக்குப் போஸ்டர் மட்டும் வராது. ரோக்கு, ஃபயர் டிவி, கூகுள் டிவி முகப்பைக் காட்டிக் கைவிரிக்கும். குரோம்காஸ்ட்டுக்கு இழுத்துவர எதுவும் இல்லை. பிளெக்ஸ்தான் இரண்டுங்கெட்டான்: படம் அடுத்த அறை ஹார்டு டிஸ்கில் இருக்கும், ஆனால் நீங்கள் யார் என்று உறுதிசெய்யக் கம்பெனியின் சர்வர் வேண்டும்; சில செயலிகள் உள்ளே விடும், சில வாசலிலேயே நிறுத்தும். சர்வரின் நெட்வொர்க் அமைப்பில், அடையாளம் கேட்காமல் அனுமதிக்க வேண்டிய முகவரிகளை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்கின் முகவரியை அதில் எழுதி வைத்தால் வாசல் திறக்கும். எழுத வேண்டியது இணையம் இருக்கும்போதே. போன பிறகு அந்தப் பக்கத்துக்குள் நுழையவும் பிளெக்ஸ் அடையாளம் கேட்கலாம்.